அழகுராஜா ஓடிய தெரு

எங்கள் கரிசல் பக்கத்தில் வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடுகிறான் என்றால், பஸ்ஸைத் தவறவிட்டிருப்பான், அல்லது போலீஸ் வேலைக்குத் தயாராகிறவனாக இருப்பான். இரண்டும் இல்லையென்றால் யாரோ தவறிப்போன சேதியைச் சொல்லப் போகிறான் என்று அர்த்தம். உடம்பு இளைக்க ஓடுவது என்று ஒன்று இருப்பதை இந்தப் பக்கம் இன்னும் சரியாக நம்பவில்லை.

அழகுராஜாவுக்கும் இது தெரியும். நரிக்குடிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை ஊர்தான் அவனுக்கு. அப்பனும் ஆத்தாளும் களையெடுத்தும், கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டும் அவனை ஐ.டி.ஐ. வரைக்கும் தள்ளிவிட்டார்கள். படிப்பு முடிந்த கையோடு அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. இப்போது கோயம்புத்தூரில், மில் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் ஆள். எந்த ஊர் மில்லில் எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். லாட்ஜ் படுக்கை, நேரங்கெட்ட தூக்கம், எண்ணெயில் குளித்த பரோட்டா என்று ஊர் ஊராகத் திரிந்ததில், தலை நரைக்கும் முன்பே சர்க்கரை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. டாக்டர் ஓடச் சொன்னார். மனைவி ஜீவிதா அன்று சாயங்காலமே கடைக்கு இழுத்துப்போய் ஷூ வாங்கி மாட்டிவிட்டாள்.

முதல் வாரம் தெருமுனைக்குள் நாக்குத் தள்ளியது. அப்புறம் ருசி கண்டுவிட்டான். வேலைக்குப் போகிற ஊரையெல்லாம் காலையில் ஓடிப் பார்ப்பது வழக்கமாகிப் போனது. ஒரு ஊர் பல் விளக்குகிற நேரத்தில் போய்ப் பார்த்தால்தான் அதன் நிஜமுகம் தெரியும் என்பான். ஓசூரில் கம்பெனி பஸ்களோடு சேர்ந்து ஓடியிருக்கிறான். சூரத்தில் வழி தவறி, நூல் ஏற்றின மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே வந்து லாட்ஜைக் கண்டுபிடித்திருக்கிறான். ஓடி முடித்ததும் ஜீவிதாவுக்குப் போன் போட்டு, பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பான். அவள் அடுப்படியில் நின்றபடி அந்த ஊர்களையெல்லாம் சுற்றி வந்துவிடுவாள்.

அருப்புக்கோட்டைக்கு மட்டும் அவன் திரும்ப வந்ததில்லை. இந்த ஊர் மில்லிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் வேறு ஆளைத் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தான். போன மாதம் அந்த வேறு ஆள் வண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டதால் இவன் தலையில் விழுந்தது.

விஷயம் இதுதான். ஜீவிதா இந்த ஊர்ப் பெண். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் தமிழ். அழகுராஜா ஃபிட்டராக இருந்த அதே மில்லில் நூலைப் பரிசோதிக்கும் அறையில் வேலை பார்த்தாள். சாதி வேறு, வீட்டில் பேசுகிற மொழி வேறு, கும்பிடுகிற சாமியும் வேறு. சொன்னால் நடக்காது என்று தெரிந்து, இருவரும் சொல்லாமலே கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். அவளுடைய அப்பா சௌடப்பன் ஆள் திரட்டவில்லை, போலீசுக்கும் போகவில்லை. தெருப் பார்க்க வாசலில் நின்று தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தறியை ஓட்டினார். இதெல்லாம் நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

பேத்தி பிறந்தது அழகுராஜாவைப் பெற்றவர்களை உருக்கிவிட்டது. தூக்குவாளியும் மூட்டையுமாக வந்து இறங்கினார்கள். ஜீவிதாவின் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சித்தி மகள் சுபத்ரா ஒருத்திதான் இடையில் பாலமாக இருந்தாள். இவர்கள் அனுப்பும் போட்டோக்களை ஜீவிதாவின் அம்மா பாலாமணிக்கு யாரும் பார்க்காத நேரத்தில் காட்டுவாள். அங்கே நடப்பதை இங்கே சொல்லுவாள். அவளும் கல்யாணமாகிப் போனபின் நம்பர் மாறிவிட்டது. கடைசியாகச் சொன்ன சேதி, சௌடப்பனுக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்ல ஆள் இல்லை. அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் ஜீவிதா பல மாதங்களாகச் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ராத்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தாள்.

அழகுராஜா அருப்புக்கோட்டைக்குக் கிளம்பியபோது பையை அவளே அடுக்கினாள். ஷூவை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

முதல் நாள் அவன் மில் பக்கமாக ஓடினான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜிலிருந்து கிளம்பி பந்தல்குடி ரோட்டைப் பிடித்தான். தூத்துக்குடியிலிருந்து வந்த லாரிகள் ஓரங்கட்டி நின்றன, டிரைவர்கள் டயர் பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிய மில் வேன் ஒன்று எதிரே வந்தது. அவர்கள் தலைமுடியிலெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது, பாதிப்பேர் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிக்கொண்டு போனார்கள்.

நிம்மதியாக ஓடத்தான் முடியவில்லை. பால்கேன் கட்டிய பைக் ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. எங்கே போகணும், ஏறிக்கோங்கண்ணே என்றான் பால்காரன். இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றான் இவன். போலீஸ் செலக்சனா என்று கேட்க வாயெடுத்தவன், இவன் வயிற்றைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை மரியாதையாக விழுங்கிக்கொண்டான். அடுத்து ஒரு பெரியவர் டி.வி.எஸ்.ஸை நிறுத்தி, யாருக்கு என்ன, ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்றுமில்லாமல் ஒரு மனுஷன் எதற்கு ஓட வேண்டும் என்று திட்டிக்கொண்டே போனார்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது ஜீவிதா சிரித்தாள்.

“எங்க தெருப் பக்கம் போகலையாங்க?” என்றாள்.

இத்தனை வருஷத்தில் எங்க தெரு என்று அவள் வாயிலிருந்து வந்து அவன் கேட்டதே இல்லை. அந்த ஊரில் வேலை பார்த்த காலத்தில்கூட அவன் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது கிடையாது. வராதீங்க, யாராவது பார்த்தால் வம்பு என்று அவள்தான் தடுத்து வைத்திருந்தாள். இப்போது வழி சொன்னாள். அம்மன் கோயில் வளைவுக்குள் நுழைந்து, இரண்டாவது சந்து, பச்சைக்கதவு போட்ட வீடு. நிற்க வேண்டாம், பேச வேண்டாம், அப்பா எழுந்து நடமாடுகிறாரா என்று ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றாள். ஓடுகிற மனுஷனை யார் பிடித்து நிறுத்தப் போகிறார்கள் என்றும் தைரியம் சொன்னாள். பிறந்த ஊரின் குணத்தை அவள் அதற்குள் மறந்துபோயிருந்தாள்.

மறுநாள் காலை அவன் அந்த வளைவுக்குள் நுழைந்தபோது இருட்டு பிரிந்திருந்தது. மில் பக்கத்து அருப்புக்கோட்டை வேறு, இது வேறு. சாயம் ஏற்றிய நூல்கட்டுகள் வீட்டு முன்னால் மூங்கில் கழியில் சிவப்பும் மயில்கழுத்துப் பச்சையுமாகத் தொங்கின. சாக்கடைத் தண்ணீர்கூட நீலமாக ஓடியது. ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் விசைத்தறி தடதடத்தது. தரையே அதிர்ந்தது, ஷூவுக்குள் பாதம் கூசியது. அத்தனை சத்தத்துக்கு நடுவில் வாசலில் ஒரு குழந்தை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அயர்ந்து தூங்கியது. ஜீவிதாவும் இப்படித்தான் தூங்கியிருப்பாள் என்று நினைத்ததும் அவனுக்கு அந்தத் தெரு முழுக்கப் பிடித்துப்போனது. தனக்குத் திறக்காத தெருவின்மேல் ஒருவனுக்கு இவ்வளவு பிரியம் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

பச்சைக்கதவு திறந்திருந்தது. சௌடப்பனைக் காணோம். வாசல் குழாயில் ஒரு அம்மாள் குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். ஜீவிதாவின் அதே கண், அதே புருவ நெளிவு. அழகுராஜாவின் கால் தானாக நின்றுவிட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. தோளில் கிடந்த துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்தான். அத்தை என்று கூப்பிட வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. குடம் நிரம்பி அவர் காலில் வழிந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. இதற்குமேல் நின்றால் என்ன ஆகுமோ என்று பயந்து, திருடனைப்போல ஓடி வந்துவிட்டான்.

அம்மாவுக்குத் தலை நரைத்திருக்கிறது, குடத்தை அவரே தூக்குகிறார், அப்பாவைப் பார்க்க முடியவில்லை என்று போனில் சொன்னான். வீட்டில் தறி ஓடுகிற சத்தம் கேட்டதா என்று ஜீவிதா கேட்டாள். தெருவே ஓடுகிறது, அதில் எது உன் வீட்டுத் தறி என்று எனக்கு எப்படித் தெரியும் என்றான் இவன். அப்பா இருந்தால் அந்நேரத்துக்குத் தறி ஓடாமல் இருக்காது என்றாள் அவள். கொஞ்ச நேரம் அழுதாள்.

“நாளைக்குப் போனை ஆன்ல வச்சுட்டு ஓடுங்க. நானும் கூடவே வாரேன். எங்க தறிச் சத்தம் எனக்குத் தெரியும்.”

அப்படியே செய்தான். மூன்றாம் நாள் வளைவுக்குள் நுழையும்போது காதில் செருகிய ஒயர் வழியாக ஜீவிதா இருந்தாள். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. தறிகளின் சத்தம் போனுக்குள் போகப் போக, அவள் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இது சீனிச்சாமி மாமா வீடு, அந்தத் தறி எப்பவுமே நொண்டும். இது புதுசு, யார் வீடு என்று தெரியவில்லை. மெதுவாகப் போங்க, இன்னும் ரெண்டு வீடு. பிறகு அவள் பேச்சு நின்றது. பச்சைக்கதவு வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“எங்க தறி ஓடலைங்க” என்றாள். “அப்பா இல்லை போலருக்கு.”

அவளுக்கு என்ன சொல்வது என்று அழகுராஜா யோசிக்கும்போதே, தெருவின் நடுவில் ஒரு மனுஷர் நிற்பதைப் பார்த்தான். வெள்ளை வேட்டி, சட்டை போடாத மேல், நெஞ்சில் நரைமுடி. இரண்டு கையிலும் மடித்த சேலை ஒன்றை ஏந்தியிருந்தார். இவன் வந்து நிற்கிறவரைக்கும் அவர் அசையவில்லை. அவருக்குப் பின்னால் வாசற்படியில் பாலாமணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு வாசல்களிலும் ஆட்கள் நின்றார்கள்.

“நேத்தே சொல்லத்தான் வந்தீக. உங்களுக்கு வாய் வரல” என்றார் சௌடப்பன். “இன்னைக்குச் சொல்லிருங்க தம்பி. எம்பிள்ளை எப்பப் போனா?”

அழகுராஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் கையிலிருந்த சேலையைப் பார்த்தான். அரக்குச் சேலை, மடிப்புக் கலையாத புதுசு, முனையில் மஞ்சள் தொட்டு வைத்திருந்தது. கட்டிக்கொடுத்த பெண் கண்மூடினால் அவள்மேல் கடைசியாகப் போர்த்துகிற சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்பார்கள். எந்தச் சாதியானாலும், எவ்வளவு பகையானாலும், இந்தப் பக்கத்தில் அந்த ஒரு சேலையை யாரும் மறுப்பதில்லை.

போட்டோவில் பார்த்த மருமகன் விடியற்காலையில் ஓடி வருகிறான். வீட்டு முன்னால் நிற்கிறான், கண்ணைத் துடைக்கிறான், வாயைத் திறக்கிறான், சொல்ல முடியாமல் ஓடிப்போகிறான். பாலாமணி வேறு என்னவென்று நினைப்பார்? நேற்றுக் காலையில் அந்தக் குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியவர் புருஷனிடம் சொன்னதும் தறி நின்றது. ஒரு பகல், ஒரு ராத்திரி அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. தலைமுழுகிய பெண்ணைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? விசாரிக்க வழியில்லாமல் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“நான் தலைமுழுகினது நெசந்தான்” என்றார் சௌடப்பன். “அதுக்காக அவ ஊரான் நெய்ஞ்ச சேலையில போகணுமா? இது நம்ம தறியில நெய்ஞ்சது. இதைப் போத்தி எடுங்க.”

அழகுராஜா வாயைத் திறந்தான். இன்றைக்கும் அவனுக்குச் சொல் வரவில்லை. பேச வேண்டிய நேரத்தில் வாயடைத்துப்போவது அவன் பிறவிக் குணம், மிஷினோடு பழகிய அளவு மனுஷரோடு பழகாதவன். கையை இல்லை இல்லை என்று ஆட்டினான். அந்தப் பெரியவர் அதையும் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார், சேலையை வாங்க மறுக்கிறான் என்று. அவர் முகம் போன போக்கை அழகுராஜாவால் தாங்க முடியவில்லை.

காதுக்குள் ஜீவிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒயரைப் பிடுங்குங்க, பிடுங்குங்க என்று அவள் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பிடுங்கிவிட்டுப் போனை நீட்டினான். அவள் கன்னடத்தில்தான் பேசினாள். மகளோடு வீட்டில் அவள் பேசிப் பேசி, அழகுராஜாவுக்கும் கேட்டால் புரியும்.

“அப்பா, நான் இருக்கேன்ப்பா. நல்லா இருக்கேன். நீங்க இல்லையோன்னு நான் பயந்துபோயிட்டேன்.”

சௌடப்பன் நின்ற இடத்திலேயே தெருவில் உட்கார்ந்துவிட்டார். பாலாமணி ஓடி வந்து, போனை வாங்காமல், அழகுராஜாவின் கையோடு சேர்த்துப் பிடித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். அம்மாவும் மகளும் பேசியது எந்த மொழியிலும் சேராது, பாதி அழுகை, பாதி திட்டு. போன் எடுத்து ஒரு வார்த்தை பேச உனக்கு என்ன கேடு என்று அம்மா கேட்டார். எடுத்தால் நீங்கள் பேசியிருப்பீர்களா என்று மகள் கேட்டாள். இரண்டுமே நியாயமான கேள்வி.

பிறகு போன் சௌடப்பனிடம் போனது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்கக் காத்திருந்தது.

“இந்நேரத்துக்கு ஏன் முழிச்சிருக்க?” என்றார். “ஏழு மணி வரைக்கும் எழுப்ப முடியாதே உன்னை.”

இவ்வளவு காலம் கழித்துப் பெற்ற பெண்ணிடம் ஒரு தகப்பன் கேட்டது இதுதான். எதிர்வீட்டில் நின்ற ஆம்பிளைகள் இரண்டு பேர் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்கள். ஜீவிதா அந்தப் பக்கம் தேம்பியது எல்லோருக்கும் கேட்டது. அழகுராஜாவும் அழுதான். இந்த முறை அது வியர்வை என்று சொல்லிக்கொள்ள அவன் மெனக்கெடவில்லை.

அழுகை ஓய்ந்தபின் அவன் எதற்கு ஓடினான் என்ற விசாரணை நடந்தது. சர்க்கரைக்காக என்று சொன்னபோது தெருவில் ஒருவரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், சர்க்கரைக்கு மாத்திரைதானே தருவார்கள், ஓட்டமுமா தருகிறார்கள் என்று சந்தேகப்பட்டார். தனக்கும் சர்க்கரை உண்டு, தான் தெருமுனைவரைகூட நடந்ததில்லை என்று சௌடப்பன் ஏதோ பெருமைபோலச் சொன்னார். பாலாமணி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துச் சீனி போடாத காபி கொண்டுவந்தார்.

அந்தச் சேலையைத் தனக்குக் கொடுத்துவிடச் சொல்லி ஜீவிதா போனில் ஆசையாகக் கேட்டாள், அப்பா நெய்தது என்பதால். பாலாமணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எந்த நினைப்பில் எடுத்த சேலை, அதை என் பிள்ளை கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று சொல்லி, பொன்னாகப் பளபளத்த கரையைப் பல்லால் கடித்து நறுக்கினார். சர் சர்ரென்று துண்டு துண்டாகக் கிழித்துத் தறி துடைக்கிற எண்ணெய்க் கந்தலோடு போட்டார். தன் தறியில் நெய்ததை மனைவி கிழிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற சௌடப்பன், ஒரு முனை கிழியாமல் முரண்டு பிடித்தபோது தானே போய் மறுபக்கத்தைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார்.

உள்ளே வாங்க என்று அவர் அழகுராஜாவைக் கூப்பிடவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, அவருக்கும் கொஞ்ச அவகாசம் வேண்டியிருந்தது. இவனும் அதை எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே காபியைக் குடித்து டம்ளரைக் கொடுத்தான். மில்லுக்கு நேரமாகிறது, வாரேன் என்று சொல்லிவிட்டு ஷூ கயிற்றைக் குனிந்து கட்டினான்.

இன்னும் எத்தனை நாள் இந்த ஊரில் வேலை என்று சௌடப்பன் கேட்டார். சனிக்கிழமை வரைக்கும் என்றான். தினம் இப்படி ஓடுவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றான். அவர் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு பார்வை பார்த்தார். நெஞ்சைக் கையால் தடவிக்கொண்டார்.

“நாளைக்கு ஓடி வர வேணாம். பாக்கவே ஈரக்கொலை நடுங்குது” என்றார். “மெதுவா நடந்து வாங்க மாப்ள. இருந்து சாப்பிட்டுப் போகலாம்.”